டர்போ காருக்கு டியூனிங் மென்பொருள்: தேர்ந்தெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

டர்போ கார் வாங்கிய சூட்டோடு பலரும் கேட்கும் கேள்வி, "எந்த டியூனிங் மென்பொருள் நல்லது?" என்பதுதான். பதில் சொல்பவர் பெரும்பாலும் தன் காரில் எது ஓடுகிறதோ அதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அது உங்கள் காருக்குள் நுழையவே முடியாததாக இருக்கலாம். எரிபொருள், பற்றவைப்பு, பூஸ்ட் (டர்போ தள்ளும் கூடுதல் காற்றழுத்தம்) மூன்றையும் ஆளும் கணினியான ஈசியூ எந்த மென்பொருளை உள்ளே விடுகிறதோ, அந்த எல்லைக்குள்தான் உங்கள் தேர்வு. பல கார்களுக்கு அந்த எல்லைக்குள் இரண்டு மூன்று பெயர்களே இருக்கும். அவற்றில் எதை எடுப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: என்ஜினுக்குள் நடப்பதை எது தெளிவாகக் காட்டுகிறது? ஈசியூவின் எண்களை மாற்றும் வசதி (டியூனிங் என்பது அதுதான்) எல்லாவற்றிலும் உண்டு. மாற்றியதால் என்ன ஆனது என்று காட்டுவதில்தான் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபாடு.

முதல் வேலை: ஈசியூ எது என்று கண்டுபிடிப்பது

மாடல் பெயரும் வருடமும் போதாது. ஒரே பெயரில் வந்த இரண்டு கார்களில் வெவ்வேறு ஈசியூக்கள் இருப்பது சர்வசாதாரணம். ஈசியூவின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தயாரிப்பாளர் பெயரும் பாக எண்ணும் இருக்கும். அதைத் தேடிக் கழற்ற மனமில்லாதவர்கள் ஓபிடி போர்ட்டில் (கோளாறு பார்க்கும் கருவியைக் காரில் இணைக்கும் இடம்) நல்ல ஸ்கேனர் ஒன்றைச் செருகிப் பார்க்கலாம். வண்டியின் அடையாள எண்ணும், ஈசியூவில் இருக்கும் மென்பொருளின் அடையாளமான காலிப்ரேஷன் ஐடியும் திரையில் வந்துவிடும். மென்பொருள் நிறுவனங்களின் ஆதரவுப் பட்டியலில் காரின் பெயரைத் தேடுவதைவிட இந்த ஐடியைத் தேடுவதே சரியான வழி.

பட்டியலில் இருக்கிறது என்றவுடன் மகிழ்ந்துவிட வேண்டாம். ஈசியூவுக்குள் புதிய எண்களை எப்படி எழுத முடியும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சில ஈசியூக்களை ஓபிடி போர்ட் வழியாகவே படிக்கலாம், எழுதலாம். சிலவற்றைக் கழற்றி மேசையில் வைத்து நேரடியாக வயர் கொடுக்க வேண்டும். இன்னும் சிலவற்றின் உறையையே திறக்க வேண்டியிருக்கும். தயாரிப்பாளர்கள் ஆண்டுதோறும் பூட்டை இறுக்கிக்கொண்டே வருகிறார்கள். பிஎம்டபிள்யூ கார்களில் 2020-இன் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த பல ஈசியூக்கள் முதலில் பூட்டுத் திறக்கப்பட்டால்தான் எதையும் ஏற்க முடியும் என்ற நிலையில் இருக்கின்றன. புதிய கார் வைத்திருப்பவர்கள் இதை முன்கூட்டியே விசாரிக்காமல் கேபிளுக்குப் பணம் கட்டக் கூடாது.

கியர்பாக்ஸ் தானியங்கியா, இரட்டை கிளட்ச்சா? அப்படியானால் அதற்குத் தனிக் கட்டுப்பாட்டுக் கணினி உண்டு. அதற்குள் முறுக்குவிசைக்கு ஒரு வரம்பும் உண்டு. என்ஜின் பக்கம் எவ்வளவு கூட்டினாலும் கியர்பாக்ஸ் அந்த வரம்பைக் காட்டி என்ஜினை அடக்கிவிடும். இரண்டையும் ஒரே மென்பொருள் தொடுமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வழிகள்

முதலாவது பிக்கிபேக் பெட்டி. சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவே அமர்ந்து, உண்மையில் இருப்பதைவிடக் குறைவான பூஸ்ட் அழுத்தத்தை ஈசியூவுக்குச் சொல்லும். "அழுத்தம் போதவில்லை" என்று ஈசியூ இன்னும் கூட்டும். பிஎம்டபிள்யூவின் என்54 என்ஜினோடு புகழ்பெற்ற ஜேபி4 இந்த வகையில் தேர்ந்த ஒன்று. அது பூஸ்ட்டைத் தானே கட்டுப்படுத்தும், லாக் எடுக்கும் (ஓடும்போது என்ஜின் அளவுகளைப் பதிவு செய்யும்), ஆபத்து வந்தால் பின்வாங்கவும் செய்யும். ஆனால் இரண்டு வயரை மட்டும் இணைத்துவிட்டு "சக்தி கூடிவிட்டது" என்று சொல்லும் மலிவுப் பெட்டிகளும் இதே பெயரில்தான் விற்கப்படுகின்றன. அவை ஈசியூவிடம் பொய் மட்டுமே சொல்கின்றன; உங்களிடம் எதையும் சொல்வதில்லை. அவற்றை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, காரோடு வந்த ஈசியூவில் இருக்கும் மேப்பையே, அதாவது எரிபொருள், பற்றவைப்பு, பூஸ்ட் எண்களின் அட்டவணைத் தொகுப்பையே, மாற்றி எழுதுவது. ரீஃப்ளாஷ் என்பது இதுதான். குளிர் காலையில் ஸ்டார்ட் ஆவது, ஏசி, ஐட்லிங், டாஷ்போர்டு எல்லாம் தயாரிப்பாளர் செய்து வைத்தபடியே இருக்கும். நாம் தேவையான அட்டவணைகளை மட்டும் திருத்துகிறோம். அன்றாடம் ஓட்டும் காருக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்பது என் கருத்து.

மூன்றாவது, பழைய ஈசியூவை ஒதுக்கிவிட்டுத் தனி ஈசியூ ஒன்றைப் பொருத்துவது. ஹால்டெக், லிங்க், மோடெக், ஈசியூமாஸ்டர் போன்றவை இந்த ரகம். பழைய காரில் டர்போ புதிதாக ஏற்றியவர்களுக்கும் பந்தயத்துக்கென்றே கார் கட்டுபவர்களுக்கும் இது சரி. நேரடி எரிபொருள் பீய்ச்சல் உள்ள புதிய காரில் இதைச் செய்வது வேறு விஷயம். உயர் அழுத்த பம்ப், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கான உயர் மின்னழுத்தம், மற்றக் கணினிகளோடு பேச்சு என்று எல்லாவற்றையும் புது ஈசியூவே கவனித்தாக வேண்டும். புதியவர்கள் கைவைக்க வேண்டிய இடம் அல்ல அது.

எந்தக் குடும்பத்துக்கு எது

ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது எச்பி டியூனர்ஸ். ஃபோர்டு உள்ளிட்ட வேறு நிறுவனங்களின் பல கார்களையும் அது தொடுகிறது. சுபாரு, ஃபோர்டு ஈகோபூஸ்ட் கார்களுக்கு கோப் நிறுவனத்தின் ஆக்சஸ்போர்ட் பிரபலம். கையடக்கக் கருவி என்பதால் மடிக்கணினி இல்லாமலே மேப் மாற்றலாம், லாக் எடுக்கலாம். சுபாருவுக்கும் நிஸான் ஜிடி-ஆருக்கும் ஈக்யூடெக் உண்டு. ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போவுக்கு ஹோண்டேட்டா, கேடியூனர் என்று இரண்டு போட்டியாளர்கள். பிஎம்டபிள்யூவின் என்54, என்55, பி58 என்ஜின்களுக்குக் கைபேசியிலிருந்தே எழுதும் எம்எச்டி செயலி இருக்கிறது.

பழைய சுபாரு வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ரோம்ரெய்டர் என்ற திறந்த மூல மென்பொருளில் மேப்பைத் திருத்தி, லாக் எடுத்து, டாக்ட்ரிக்ஸ் ஓபன்போர்ட் 2.0 கேபிளும் ஈசியூஃப்ளாஷ் மென்பொருளும் கொண்டு எழுதிவிடலாம். கேபிளைத் தவிர செலவு கிடையாது. ஆனால் கைபிடித்து அழைத்துச் செல்ல யாரும் இல்லை. படித்துப் புரிந்துகொள்ளும் பொறுமை வேண்டும். வின்ஓஎல்எஸ் பற்றியும் கேள்விப்படுவீர்கள். ஈசியூவிலிருந்து எடுத்த கோப்பை எண் குவியலாகத் திறந்து அதற்குள் அட்டவணைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் தொழில்முறைக் கருவி அது. தொடக்கத்தில் அதன் பக்கம் போக வேண்டாம்.

தனி ஈசியூ உலகில் கற்றுக்கொள்வதற்கு மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ, ரஸ்இஎஃப்ஐ மூன்றும் நல்ல பள்ளிகள். மூன்றையும் டியூனர்ஸ்டுடியோ என்ற ஒரே மென்பொருளில் திருத்தலாம் என்பதால், ஒருமுறை பழகினால் மற்றவற்றுக்கும் கை தானாகப் போகும். அதில் எரிபொருள் அட்டவணையைத் தானே சரிசெய்யும் ஆட்டோ டியூன் வசதி உண்டு. அது எரிபொருளை மட்டும்தான் சரிசெய்யும். பற்றவைப்பு நேரத்தைத் தொடாது, பூஸ்ட்டைத் தொடாது. டர்போ என்ஜினை உடைப்பது பெரும்பாலும் அந்த இரண்டும்தான். "ஆட்டோ டியூன் போட்டுவிட்டேன், வேலை முடிந்தது" என்பவரின் காரில் ஏறாமல் இருப்பது நல்லது.

லாக்: இங்கேதான் தேர்வு முடிவாகிறது

மென்பொருளை வாங்கும் முன் அதன் லாக்கரைப் பற்றி இரண்டு விஷயம் கேளுங்கள். எத்தனை அளவுகளைப் பதிவு செய்யும்? நொடிக்கு எத்தனை முறை?

மூன்றாம் கியரில் 3,000 ஆர்பிஎம்மிலிருந்து 6,500 வரை முழு ஆக்சிலரேட்டரில் இழுக்க ஐந்தாறு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஓபிடி செயலியில் பத்து அளவுகளைக் கேட்டால் நொடிக்கு இரண்டு மூன்று வரிகள்தான் கிடைக்கக்கூடும். மொத்தம் பதினைந்து வரி. நாக், அதாவது சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது, ஒரு நொடியின் சிறு பங்கில் வந்து போய்விடும், இரண்டு வரிகளுக்கு நடுவே விழுந்து மறைந்துவிடும். ஈசியூவோடு அதன் சொந்த மொழியில் பேசும் லாக்கர் நொடிக்கு இருபது வரி கொடுத்தால் அதே இழுப்பில் நூறு வரிக்கு மேல் கையில் இருக்கும். இந்த வேறுபாட்டை எந்த விளம்பரமும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

இனி ஓர் எடுத்துக்காட்டு. நேரடி பீய்ச்சல் உள்ள ஒரு டர்போ கார், பூஸ்ட் 1.3 பார். 4,500 ஆர்பிஎம்மில் லாம்டா (காற்று-எரிபொருள் கலவையின் அளவு; 1 என்றால் சரிக்குச் சரி, குறைந்தால் எரிபொருள் அதிகம்) இலக்கு 0.82, கிடைத்ததும் 0.82. எல்லாம் சரி. 5,500-இல் இலக்கு 0.80, கிடைத்தது 0.86, கலவை வறண்டுவிட்டது. கூடவே நாக் காரணமாக ஈசியூ பற்றவைப்பை 3 டிகிரி பின்னுக்கு இழுத்திருக்கிறது. லாம்டாவும் நாக்கும் மட்டும் தெரியும் லாக்கை வைத்திருப்பவர் என்ன செய்வார்? எரிபொருள் அட்டவணையில் அந்த இடத்தில் எண்ணைக் கூட்டுவார். மீண்டும் ஓட்டுவார், ஒன்றும் மாறாது. இன்னும் கூட்டுவார்.

அதே லாக்கில் எரிபொருள் ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் தரும் குழாய்) அழுத்தம் என்ற ஒரு பத்தி கூடுதலாக இருந்திருந்தால் கதையே வேறு. இலக்கு 200 பார், இருப்பது 160 பார். பம்ப் தன் எல்லையைத் தொட்டுவிட்டது. அட்டவணையில் எதை எழுதினாலும் இல்லாத எரிபொருள் வராது. மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட்டைக் குறைக்க வேண்டும், அல்லது பம்ப்பை மாற்ற வேண்டும். அந்த ஒரு பத்தி இல்லாத மென்பொருள், வேறு எத்தனை வசதி வைத்திருந்தாலும், இந்தக் காருக்கு உதவாது.

ஆகவே உங்கள் காருக்கு இவை லாக்கில் வருகின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்: ஆர்பிஎம், பூஸ்ட் இலக்கும் உண்மை அளவும், லாம்டா இலக்கும் உண்மை அளவும், பற்றவைப்பு டிகிரி, சிலிண்டர்வாரியாக நாக் திருத்தம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், த்ராட்டில் திறப்பு, வேஸ்ட்கேட் (டர்போவின் பூஸ்ட்டை அடக்கும் வால்வு) டியூட்டி, எரிபொருள் அழுத்தம். சில ஈசியூக்கள் தமக்கே உரிய அளவு ஒன்றையும் வைத்திருக்கும். சுபாருவில் டிஏஎம் என்று ஒன்று. 1 என்றால் மேப்பில் எழுதிய பற்றவைப்பை ஈசியூ முழுதாக நம்புகிறது, அதற்குக் கீழே இறங்கினால் நாக் கேட்டு நம்பிக்கை குறைந்திருக்கிறது. சுபாரு ஓட்டுபவர் தினமும் பார்க்க வேண்டிய எண் அது.

சென்சார்கள்

பழைய கார்களில் இருக்கும் நேரோபேண்ட் ஆக்சிஜன் சென்சார் லாம்டா 1-ஐ ஒட்டிய இடத்தில்தான் சரியாகச் சொல்லும். பூஸ்ட்டில் நாம் நிற்பது பெரும்பாலும் 0.78-க்கும் 0.85-க்கும் நடுவே. அங்கே அது "எரிபொருள் அதிகம்" என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. வைட்பேண்ட் சென்சார் கட்டாயம். பாஷ் எல்எஸ்யூ 4.9 பரவலாகக் கிடைப்பது. அதன் அளவை மென்பொருளின் லாக்கிலேயே சேர்த்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். ஒரு மீட்டரில் லாம்டாவையும் வேறொரு திரையில் ஆர்பிஎம்மையும் பார்த்துப் பொருத்திக்கொண்டிருப்பது வீண் வேலை.

திரையில் லாம்டாவாகவே வைத்துக்கொள்ளுங்கள், காற்று-எரிபொருள் விகிதம் வேண்டாம். பெட்ரோலுக்கு லாம்டா 1 என்பது 14.7, எத்தனால் 85 சதவீதம் கலந்த எரிபொருளுக்கு அது ஏறத்தாழ 9.8. எரிபொருள் மாறினால் விகிதம் குழப்பும், லாம்டா குழப்பாது.

அழுத்த சென்சாரின் எல்லையும் முக்கியம். 2.5 பார் சென்சார் என்பது வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்த கணக்கு. கடல்மட்டத்தில் அதனால் பார்க்க முடிந்த பூஸ்ட் 1.5 பார்தான். அதற்கு மேல் போனால் ஈசியூவுக்குக் கண் தெரியாது. பெரிய சென்சார் மாட்டினால் அதன் அளவுகோலை மாற்றி எழுத மென்பொருள் அனுமதிக்கிறதா?

இதே கேள்வி இன்ஜெக்டருக்கும் உண்டு. நான்கு சிலிண்டரில் 300 குதிரைத்திறன் வேண்டும் என்று வையுங்கள். டர்போ பெட்ரோல் என்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குத் தோராயமாக 0.27 கிலோ எரிபொருள் குடிக்கும் என்று கணக்கிடுவது வழக்கம். மொத்தம் 81 கிலோ, இன்ஜெக்டருக்கு 20. எப்போதும் 85 சதவீத டியூட்டிக்கு (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) மேல் போகக் கூடாது என்பதால் 24 கிலோ திறன் தேவை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 540 சிசி. காரில் இருப்பது அதைவிடச் சிறியதென்றால் மாற்றியாக வேண்டும். மாற்றினால் அதன் பாய்வளவையும், மின்னழுத்தத்துக்கு ஏற்ப மாறும் திறப்புத் தாமதத்தையும் மென்பொருளில் எழுத இடம் வேண்டும். பிக்கிபேக் பெட்டி பெரும்பாலும் தோற்பது இங்கேதான்.

லைசென்ஸ், கேபிள், பூட்டு

இந்த மென்பொருட்களில் பெரும்பாலானவை ஒரு காருக்கு ஒரு லைசென்ஸ் என்ற கணக்கில் இயங்குகின்றன. எச்பி டியூனர்ஸில் கிரெடிட் வாங்கி அந்தக் காருக்குச் செலவிட வேண்டும். ஆக்சஸ்போர்ட் ஒரு நேரத்தில் ஒரு காரோடு மட்டுமே பிணைந்திருக்கும். அதிலிருந்து முறையாக விடுவிக்காத பழைய கருவியை இன்னொருவரிடம் வாங்கினால் அது உங்கள் காரில் வேலை செய்யாது. பழைய கருவி வாங்குபவர்கள் இந்த ஒரு விஷயத்தைக் காசு கொடுக்கும் முன் கேட்டாக வேண்டும்.

போலிக் கேபிள்கள் விலை குறைவு. எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் தொடர்பு அறுந்தால் ஈசியூ எதற்கும் உதவாத செங்கல்லாகிவிடும். மிச்சப்படுத்திய பணத்தைப் போல் பல மடங்கு அதை மீட்க ஆகும்.

டியூனர் மேப்பைப் பூட்டித் தருவாரா, திறந்து தருவாரா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். தன் உழைப்பைக் காக்க அவர் பூட்டுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பின்னாளில் வேறொருவரிடம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வாரண்டி இருக்கும் காரென்றால் இன்னொன்று: மேப்பை மாற்றிப் பழையதைத் திரும்ப ஏற்றினாலும் தடயமே இருக்காது என்று நம்பாதீர்கள். எத்தனை முறை எழுதப்பட்டது என்பதைப் பல ஈசியூக்கள் எண்ணி வைத்திருக்கும். மாசுக் கட்டுப்பாட்டுச் சென்சார்களை அணைக்கும் வசதி மென்பொருளில் இருக்கிறது என்பதற்காகப் பொதுச்சாலையில் ஓடும் காரில் அதைத் தொட வேண்டாம். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம்.

யார் டியூன் செய்யப் போகிறார்?

பிறர் செய்யப் போகிறார் என்றால் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் வேலையே உங்களுக்கு இல்லை. உங்கள் என்ஜினை நன்கறிந்த டியூனரைத் தேடுங்கள். அவர் எதில் வேலை செய்கிறாரோ அதை வாங்குங்கள். சுமாரான மென்பொருளில் தேர்ந்த கை செய்வதை, சிறந்த மென்பொருளில் தேராத கை செய்யாது. தொலைவிலிருந்து மின்னஞ்சலில் மேப் அனுப்புபவராக இருந்தால், ஒவ்வொரு மேப்புக்கும் எப்படிப்பட்ட லாக் கேட்கிறார் என்று பாருங்கள். லாக் கேட்காமலே இறுதி மேப் தருகிறேன் என்பவரை விட்டு விலகுங்கள்.

நீங்களே கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் வாங்கும் முன் மென்பொருளைத் தரவிறக்கித் திறந்து பாருங்கள். எச்பி டியூனர்ஸ், டியூனர்ஸ்டுடியோ, ஹால்டெக், லிங்க் போன்றவற்றை ஈசியூ இல்லாமலே கணினியில் நிறுவலாம். மாதிரி மேப் ஒன்றைத் திறந்து பற்றவைப்பு அட்டவணை எங்கே, பூஸ்ட் வரம்பு எங்கே என்று தேடுங்கள். ஒவ்வோர் அட்டவணைக்கும் விளக்கம் இருக்கிறதா? அரை நாள் உட்கார்ந்தும் தலைவால் புரியவில்லை என்றால் அது உங்களுக்கானது அல்ல.

அப்படித் தேடும்போது பாதுகாப்பு வசதிகளையும் தேடுங்கள். பூஸ்ட் இலக்கைத் தாண்டினால் எரிபொருளை வெட்டுவது, கலவை வறண்டால் பூஸ்ட்டை இறக்குவது, காற்று சூடானால் பற்றவைப்பைப் பின்னிழுப்பது ஆகிய மூன்றும் இல்லாமல் டர்போ என்ஜினை நம்பி ஒப்படைக்க நான் தயாரில்லை. பட்டாசு போல் வெடிக்கும் எக்ஸாஸ்ட் சத்தத்துக்கான வசதி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

முதன்முதலாக எழுதும் நாள்

கணினியைத் தொடும் முன் என்ஜினைப் பாருங்கள்: கம்ப்ரஷன், ஸ்பார்க் பிளக், இன்டேக் குழாய்களில் காற்றுக் கசிவு. கசிவு இருக்கும் காரை டியூன் செய்தால் கசிவுக்குத்தான் டியூன் ஆகும்.

பழைய மேப்பைப் படித்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். உங்கள் கருவி படிக்க அனுமதிக்காத வகையென்றால், தயாரிப்பாளரின் மேப்பைத் திரும்ப ஏற்ற அது வழி வைத்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். எழுதும்போது பேட்டரியோடு தாங்கு சார்ஜர் ஒன்றை இணைத்து வையுங்கள், 12.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. ஹெட்லைட், ஏசி ஃபேன், ரேடியோ எல்லாம் அணைந்திருக்கட்டும். மடிக்கணினி தூங்கிப்போகாதபடி அமைப்பை மாற்றி, சார்ஜரில் செருகி வையுங்கள். எழுதி முடியும் வரை கேபிள் பக்கம் கையைக் கொண்டுபோக வேண்டாம்.

புது மேப்பை ஏற்றும் முன் பழைய மேப்பிலேயே இரண்டு மூன்று லாக் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காரின் இயல்பு நிலை எது என்று தெரியாமல் புது மேப்பின் லாக்கைப் படிக்க முடியாது. பிறகு புது மேப்பை ஏற்றி, முதலில் வேஸ்ட்கேட் ஸ்பிரிங் தரும் குறைந்த பூஸ்ட்டிலேயே இழுத்துப் பாருங்கள். தாழ்ந்த ஆர்பிஎம்மில் உயர்ந்த கியரில் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்க வேண்டாம். நேரடி பீய்ச்சல் டர்போ என்ஜின்களில் முன்பற்றல் (ஸ்பார்க் வரும் முன்பே கலவை தானாகப் பற்றுவது) வந்து பிஸ்டனை உடைப்பது அங்கேதான். பந்தயப் பாதையோ டைனோவோ (காரை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் கருவி) கிடைத்தால் சாலையை விட்டுவிடுங்கள்.

லாக்கில் ஒரே ஒரு முறை நாக் தெரிந்தால் குறித்துக்கொண்டு மீண்டும் எடுங்கள். வேறு ஏதோ சத்தமாகவும் இருக்கலாம். அடுத்த இழுப்பிலும் அதே ஆர்பிஎம்மில், அதே சிலிண்டரில் தெரிந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு, பழைய மேப்பைத் திரும்ப ஏற்றி, அந்த இரண்டு லாக்குகளையும் டியூனருக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு ஓட்டிச் செல்லுங்கள்.